மீதியை நாங்க பாத்துக்குறோம்

அம்மா ஊர்ல இருந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அமெரிக்கா வர்ற எல்லா அப்பா அம்மாவுக்கும் நடக்குறதுதான் இவங்களுக்கும் நடந்துச்சு, டைம்ஸ் ஸ்கொயர், சுதந்திர தேவி சிலை, அப்புறம் நயாகரா. நயாகராவை ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டு, "ஒகேனக்கல்லா இருந்தா மீனாவது வறுத்துக் குடுப்பான்"னு சொல்லிட்டு கார்ல ஏறி உக்காந்துட்டாங்க. சாயங்காலம் ரஷ்ங்குற ஊர்ல இருக்குற ராஜராஜேஸ்வரி கோயிலுக்குப் போகணும், அதுதான் அம்மா கேட்ட ஒரே இடம், இலங்கைத் தமிழர் ஒருத்தர் ஆரம்பிச்ச கோயில், பொம்பளைங்களே உக்காந்து ஹோமம் பண்ணுவாங்கன்னு யூடியூப்ல பாத்து வச்சிருந்தாங்க. வழியில ராச்செஸ்டர். நடுவுல மூணு மணி நேரம் சும்மா இருந்துச்சு. "இங்கதான் கோடக் கம்பெனிக்காரர் வீடு இருக்கு, இப்ப கேமரா மியூசியமா இருக்கு, போலாமா"ன்னு கேட்டேன். பின் சீட்டுல இருந்து, "கோடக்கா? மஞ்ச டப்பா கோடக்கா?"ன்னு ஒரு குரல். தூங்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சேன்.

எங்கப்பா துறையூர் பக்கம் ஸ்டுடியோ வச்சிருந்தாரு. 1978ல ஆரம்பிச்சு 2004 வரைக்கும். அதனால இந்த மியூசியத்துக்கு நான் போனதுல ஒரு ஆச்சரியமும் இல்ல, எப்பவோ போயிருக்கணும். அம்மாவைக் கூட்டிட்டுப் போனதாலதான் அந்த இடம் எனக்கு வேற மாதிரி தெரிஞ்சுச்சு, அதை எழுதணும்னுதான் இத்தனை நாள் கழிச்சு பிளாக்கைத் திறந்திருக்கேன், பாஸ்வேர்டே மறந்து போச்சு.

முதல்ல வீடு. ஜார்ஜ் ஈஸ்ட்மேன் 1905ல கட்டி முடிச்ச மாளிகை. மனுஷன் கல்யாணம் பண்ணிக்கல, அம்மாவோட இருந்தாரு. உள்ள நுழைஞ்சா நடு ஹால்ல செடியும் கண்ணாடிக் கூரையுமா இருக்கு, சுவத்துல யானைத் தலை, ஆப்பிரிக்காவுல வேட்டைக்குப் போனவராம். அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு "புள்ளையாரப்பா"ன்னு நகந்துட்டாங்க. அந்த ஹால் சதுரமா இருக்குதுன்னு அவருக்குப் பிடிக்கலையாம், நீளமா வேணுமாம், அதுக்காக 1919ல மொத்த வீட்டையும் ரெண்டா அறுத்து பின்பக்கத்தை ஒன்பது அடி நாலு இன்ச் பின்னாடி தள்ளி வச்சு நடுவுல கட்டிச் சேத்திருக்காரு. வீடு கட்டுன செலவைவிட தள்ளுன செலவு ஜாஸ்தி. நம்ம ஊர்ல ஒரு ஜன்னலை மாத்தவே மேஸ்திரி பத்து நாள் இழுப்பாரு. பணக்காரன் கிறுக்குன்னு சொல்லிட்டு நாங்க கேமராக்கள் பக்கம் போயிட்டோம், மேசை நாற்காலி பாக்க எங்களுக்குப் பொறுமையும் இல்ல.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு சின்னக் கருப்புப் பெட்டி. மரத்துல செஞ்சு தோல் ஒட்டுனது, முன்னாடி ஒரு ஓட்டை, மேல ஒரு சாவி. நம்ம ஊர் தீபாவளி ஸ்வீட் பாக்ஸைவிடச் சின்னது. அதான் 1888ல வந்த முதல் கோடக் கேமரா. விலை 25 டாலர். உள்ள 100 படம் எடுக்குற ரோல் போட்டே குடுப்பாங்க. பாக்குறதுக்கு வ்யூஃபைண்டர்னு ஒண்ணு கிடையாது, பெட்டி மேல வி மாதிரி ரெண்டு கோடு, அதை வச்சு குத்துமதிப்பா திருப்பிக்கணும். கயிறை இழுத்தா ஷட்டர் ரெடி, பட்டனை அமுக்கினா படம், சாவியைத் திருகினா அடுத்த படம். எத்தனை எடுத்தோம்னு கேமரா சொல்லாது, ஒரு சின்ன நோட்டு தருவாங்க, நாமளே எழுதி வச்சுக்கணும். படம் வட்டமா வரும், ரெண்டரை இன்ச். லென்ஸ் ஓரத்துல சரியா விழாதுங்குறதை மறைக்க வட்டம். நூறும் முடிஞ்சா கேமராவை அப்படியே பார்சல் கட்டி 10 டாலரோட ராச்செஸ்டருக்கு அனுப்பணும், அவங்க திறந்து, கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டி திருப்பி அனுப்புவாங்க. விளம்பரம் உலகப் புகழ்: நீங்க பட்டனை அமுக்குங்க, மீதியை நாங்க பாத்துக்குறோம்.

நான் அதைத் தமிழ்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பாத்துட்டு இருந்தாங்க.

"மீதின்னா, அதானடி வேலையே."

இதுக்கப்புறம் நான் அந்த மியூசியத்துல பாத்த எதையும் இந்த ஒரு வரி இல்லாம பாக்க முடியல.

எங்க ஸ்டுடியோவுல படம் எடுத்தது அப்பா. போர்டுல அவர் பேருதான், ஊர்ல அவரைத்தான் போட்டோக்காரர்னு கூப்பிடுவாங்க, தேக்கு மரத்துல பித்தளை வச்ச ஸ்டாண்டு கேமராவோட கருப்புத் துணிக்குள்ள தலையை விட்டுட்டு "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க... ஆடாதீங்க"ன்னு சொல்றது அவர்தான். மூடியைக் கழட்டி ஒண்ணு ரெண்டு எண்ணி திரும்ப மூடுவாரு. அவ்ளோதான் அவர் வேலை, சரி, அவ்ளோதான்னு சொன்னா அடிக்க வருவாரு, லைட்டு வைக்குறதும் இருக்கு. ஆனா பிலிம் கழுவுறது, பிரிண்ட் போடுறது, ஹைப்போ (படம் அழியாம நிக்க வைக்குற மருந்து) போக அலசுறது, காய வைக்குறது, டச்சிங் பண்றது, பல்லு பல்லா ஓரம் வெட்டுறது, கவர்ல போடுறது எல்லாம் அம்மா. ஸ்டுடியோவுல டார்க் ரூம் கட்டுற வரைக்கும் முதல் மூணு வருஷம் எங்க வீட்டு அடுப்படிதான் டார்க் ரூம், ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் ஜன்னல்ல கம்பளியைக் கட்டி, செகப்பு பல்பு போட்டு, சாம்பார் கொதிச்ச மேடையில மூணு டிரே. டெவலப்பர், தண்ணி, ஹைப்போ. நான் தொட்டில்ல கிடந்தது அந்த வாசனையிலதான்.

ஈஸ்ட்மேனும் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்காரு. அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு, அம்மா வீட்டுல ஆளுங்களைத் தங்க வச்சு சோறு போட்டு சம்பாதிச்சிருக்காங்க, பையன் 14 வயசுல படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயி அப்புறம் பேங்க் கிளார்க் ஆயிருக்காரு. பகல்ல பேங்க், ராத்திரி அம்மா சமையல்கட்டுல கண்ணாடித் தகடுல மருந்து தடவிப் பாக்குறது. எதுக்குன்னா அப்ப இருந்த ஈரத்தகடு முறையில கண்ணாடியில மருந்தை ஊத்தி, அது காயுறதுக்குள்ள படம் எடுத்து, காயுறதுக்குள்ள கழுவணும், அதனால போற இடமெல்லாம் கூடாரம், பாட்டில், தண்ணிக் குடம்னு ஒரு வண்டி சாமான். 1877ல ஒரு லீவுக்குப் போகலாம்னு அந்த சாமானையெல்லாம் வாங்கிட்டு, கடைசியில லீவுக்கே போகல, இதுல விழுந்துட்டாரு. மருந்து காஞ்சாலும் படம் எடுக்க முடியுற உலர் தகடு செஞ்சு வித்து, அப்புறம் பேப்பர்ல தடவுன ரோல், அப்புறம் 1889ல செல்லுலாய்டு ரோல். அவர் செஞ்ச காரியத்தை ஒரு வரியில சொல்லணும்னா, எடுக்குறவனையும் கழுவுறவனையும் பிரிச்சாரு. அதுக்கு முன்னாடி ரெண்டும் ஒரே ஆள். பிரிச்சதுனாலதான் யார் வேணா எடுக்கலாம்னு ஆச்சு, 1900ல பிரவுனின்னு ஒரு டாலருக்கு கேமரா விட்டப்ப புள்ளைங்க எல்லாம் எடுக்க ஆரம்பிச்சிருக்கு.

அந்த முதல் கோடக்ல போட்ட ரோல் இன்னும் பிலிம் இல்ல, பேப்பர். பேப்பர் வழியா பிரிண்ட் போட்டா நார் நாரா தெரியும். அதனால ஃபேக்டரியில ஒவ்வொரு படத்துலயும் மேல இருக்குற மருந்துப் படலத்தை பேப்பர்ல இருந்து உரிச்சு கண்ணாடிக்கும் ஜெலட்டினுக்கும் மாத்தி ஒட்டி அப்புறம்தான் பிரிண்ட். கையால, ஒவ்வொண்ணா. நூறு படத்துக்கு நூறு தடவை. இதை நான் அம்மாகிட்ட சொன்னப்ப அவங்க உதட்டைப் பிதுக்கினாங்க, "நகம் வெட்டாம இருந்தா கிழிஞ்சிரும்"னு மட்டும் சொன்னாங்க. உரிச்சவங்க பேரு எந்தப் பெட்டியிலயும் இல்ல. நான் தேடிப் பாத்தேன்.

டாகுரோடைப் பக்கம் வந்தோம், டாகுர்ங்குற பிரெஞ்சுக்காரர் கொண்டு வந்த, உலோகத் தகடுல படம் எடுக்குற பழைய முறை. 1839ல பாரிஸ்ல ஜிரூன்னு ஒருத்தர் டாகுர் சொன்ன மாதிரி செஞ்சு வித்த கேமரா, கடையில வாங்கக் கிடைச்ச முதல் கேமரான்னா அதுதான். இவங்க சேகரிப்புல ஒண்ணு இருக்கு, க்ரோமேர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஆயுசு பூரா சேத்ததை 1939ல கோடக் மொத்தமா வாங்கி இங்க கொண்டு வந்ததுல வந்தது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற ரெண்டு மரப்பெட்டி, பக்கத்துல ஒரு முத்திரைத் தகடு, அதுல டாகுர் கையெழுத்து, இது இல்லாத பெட்டிக்கு நாங்க பொறுப்பில்லன்னு எழுதியிருக்கும். அப்பவே டூப்ளிகேட் பயம். முழு செட்டு 50 கிலோ. வெள்ளி பூசின செம்புத் தகடை அயோடின் புகையில காட்டி, வெயில்ல நிமிஷக் கணக்கா வச்சு, அப்புறம் பாதரசத்தைச் சூடு பண்ணி அந்த ஆவியில காட்டுனா படம் எழும்பி வரும். பாதரச ஆவி! எத்தனை பேர் நரம்பு போச்சோ. கடைசியில படம் அழியாம நிக்க முதல்ல உப்புத் தண்ணி போட்டிருக்காங்க, அப்புறம் ஹெர்ஷல்ங்குற விஞ்ஞானி கண்டுபிடிச்சபடி ஹைப்போ.

"ஹைப்போவா? நம்ம ஹைப்போவா?"

ஆமாம்மா, அதே ஹைப்போதான்னேன். கல்கண்டு மாதிரி இருக்குமே, துறையூர் பஸ் ஸ்டாண்டு கிட்ட பொட்டலம் கட்டித் தருவாங்களே, அதே. அம்மா முகத்துல ஒரு பெருமை வந்துச்சு பாருங்க, என் கல்யாணத்துல கூட நான் அதைப் பாக்கல. (பழைய ஹைப்போவை எங்க வீட்டுல கீழ ஊத்த மாட்டாங்க, கேன்ல சேத்து வைப்பாங்க, படத்துல இருந்து கழண்ட வெள்ளி அதுல இருக்கும், அதை வாங்கிட்டுப் போக திருச்சியில இருந்து ஆள் வரும். எனக்கு முதல் கொலுசு அந்தக் காசுல வாங்குனதுதான், வெள்ளி வெள்ளியாவே திரும்ப வந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்க.)

அங்க மாட்டியிருந்த ஒரு பழுப்பேறுன படத்தைப் பாத்து, "சரியா அலசல, ஹைப்போ நின்னு போச்சு"ன்னு தீர்ப்பு சொன்னாங்க. இல்லம்மா, அது ஆல்புமன் பேப்பர், முட்டை வெள்ளைக்கரு தடவுன பேப்பர், அது தானாவே மஞ்சளாகும்னு நான் கூகுள் அறிவைக் காட்டினேன். முட்டையான்னு கேட்டு சிரிச்சாங்க. சரி சிரிக்கட்டும்னு ஜெலட்டின் கதையையும் சொல்லிட்டேன், தப்பு பண்ணிட்டேன். பிலிம் மேல இருக்குற மருந்தைப் பிடிச்சு வைக்குற ஜெலட்டின் மாட்டு எலும்புலயும் தோல்லயும் எடுக்குறது. ஒரு சமயம் நல்லா வேலை செய்யும், ஒரு சமயம் மந்தமா இருக்கும், ஏன்னு யாருக்கும் புரியல, 1882ல ஈஸ்ட்மேன் தகடெல்லாம் கெட்டுப் போயி கம்பெனியே மூடுற நிலைமை. ரொம்ப வருஷம் கழிச்சு 1920கள்லதான் கோடக் ஆராய்ச்சிக்காரர் ஷெப்பர்ட் கண்டுபிடிக்குறாரு, மாடு கடுகுச் செடி மாதிரி கந்தகம் இருக்குற தழையைத் தின்னிருந்தா அந்த ஜெலட்டின்ல துளியூண்டு கந்தகம் இருக்கும், அதுதான் பிலிமுக்கு வேகம் குடுக்குதுன்னு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை. அம்மாவுக்கு அது காதுலயே விழல. "வெள்ளிக்கெழமை கவுச்சி தொட மாட்டேன்னு இருபத்தாறு வருஷம் விரதம் இருந்தேனே, கை பூரா மாட்டெலும்பா"ன்னு நின்னுட்டாங்க. கோயிலுக்கு வேற போறோம். எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே.

கோடக் பிலிம் எங்க ஸ்டுடியோவுல கல்யாண ஆர்டருக்கு மட்டும்தான். மத்ததுக்கெல்லாம் இந்துன்னு நம்ம ஊர் பிலிம். ஊட்டியில மத்திய அரசு 1960ல ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967ல இருந்து உற்பத்தி, அந்த இடத்துக்கே இந்து நகர்னு பேரு. குளிரும் தூசி இல்லாத காத்தும் பிலிமுக்கு நல்லதுன்னு அங்க போட்டாங்க. அந்த ஃபேக்டரியும் போச்சு. ராச்செஸ்டர்ல மாளிகை மியூசியமா நிக்குது, ஊட்டிக்கு டூர் போறவங்க பொட்டானிகல் கார்டன் பாத்துட்டு சாக்லேட் வாங்கிட்டு வந்துடுறாங்க. அக்பா கிளிக் 3 எத்தனை வீட்டு பீரோவுல கிடந்துச்சு, 120 ரோல்ல பன்னெண்டு சதுரப் படம், அதுக்கெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டி நம்ம பக்கத்துல போட வேணாமா. எங்க ஸ்டாண்டு கேமராவையே 2004ல பித்தளை விலைக்குப் போட்டுட்டோம். கலர் லேப் வந்து ஆறு மணி நேரத்துல படம் குடுக்க ஆரம்பிச்சப்பவே அது மூலைக்குப் போயிருச்சு, இப்ப ஏதாவது ஹோட்டல் ரிசப்ஷன்ல அலங்காரமா நிக்கும்.

ஒரு பொருளைப் பாத்துட்டு அம்மா நகரவே இல்ல. அது கேமரா மாதிரியே இல்ல, பிரஷர் குக்கரையும் தையல் மெஷினையும் சேத்து வச்ச மாதிரி. லூனார் ஆர்பிட்டர் கேமரா. 1966, 67ல நாசா அஞ்சு விண்கலத்தை நிலாவைச் சுத்தி அனுப்பி எங்க இறங்கலாம்னு படம் எடுத்தது, அதுக்கு கோடக் செஞ்சு குடுத்த கேமரா, அதுல பறக்காம மிஞ்சுனது ஒண்ணு இங்க. அப்ப டிஜிட்டல் கிடையாது, பிலிம்தான், 70 மில்லிமீட்டர் பிலிம். நிலாவுல எடுத்த ரோலைக் கழுவுறது யாரு? அந்தப் பெட்டிக்குள்ளயே டார்க் ரூம். மருந்துல ஊறுன ஒரு பட்டையை எடுத்த பிலிம் மேல அழுத்தி ஒட்டி, கொஞ்ச நேரம் வச்சு, பிரிச்சு, காய வச்சு, அப்புறம் அந்த நெகட்டிவை ஒளியால கோடு கோடா படிச்சு பூமிக்கு ரேடியோவுல அனுப்பியிருக்காங்க. நிலாப் பக்கத்துல இருந்து பூமியை எடுத்த முதல் படம் இதுலதான் வந்துச்சு.

"தண்ணி இல்லாமயா?"ன்னு அம்மா கேட்டாங்க.

தண்ணி இல்லாமதான்.

"தண்ணி இல்லாம கழுவ முடியும்னு தெரிஞ்சிருந்தும் எனக்கு எவனும் சொல்லலயே"ன்னாங்க. கோவமா சொன்னாங்களா கிண்டலா சொன்னாங்களான்னு எனக்கு இன்னும் புரியல. பிரிண்டுக்கு அலசுற தண்ணி மாத்தி மாத்தி ஊத்தணும், ஒரு மணி நேரம். கல்யாண சீசன்ல ராத்திரி கிணத்துல இருந்து நாப்பது குடம் இறைச்சிருக்காங்க. 83ல தண்ணிப் பஞ்சத்துல அலசுன தண்ணியை செடிக்கு ஊத்தி முருங்கை பட்டுப் போச்சு, அது இன்னைக்கும் பேச்சு. அலசுன பிரிண்டை ஜன்னல் கண்ணாடியில மூஞ்சிப் பக்கமா ஒட்டி, ரோலரால தேச்சு விட்டுடுவாங்க, காலையில வெயில் ஏற ஏற ஒவ்வொண்ணா தானா கழண்டு டிக், டிக்னு கீழ விழும், பளபளன்னு. மாப்பிள்ளை பொண்ணு, பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, எல்லாம் திண்ணையில கிடக்கும். நான் பொறுக்கி அடுக்கணும். எனக்கு அலாரமே அந்த டிக்தான்.

அப்புறம் டச்சிங். இதுக்கு ஒரு கண்ணாடி டெஸ்க் இருந்துச்சு, கீழ ஒரு முகம் பாக்குற கண்ணாடி சாய்ச்சு வச்சு ஜன்னல் வெளிச்சத்தை நெகட்டிவுக்குப் பின்னாடி ஏத்துறது. பென்சிலை ஊசி மாதிரி சீவி, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ குழி, கழுத்து மடிப்பு, இதெல்லாம் நெகட்டிவ்ல வெள்ளையா ஓட்டையா தெரியும், அதுல புள்ளி புள்ளியா வச்சு அடைக்கணும். கோடு போட்டா பிரிண்ட்ல தெரிஞ்சுடும், புள்ளிதான். பொண்ணு பாக்க அனுப்புற போட்டோவுல அம்மா கை படாத முகம் எங்க பக்கத்துல கம்மி. அந்த மாதிரி டெஸ்க் அந்த மியூசியத்துல என் கண்ணுல படல, எங்கயாவது உள்ள இருக்கலாம்.

சாவு போட்டோ எடுப்பாங்க, தெரியும்ல. பாடியை நாற்காலியில உக்கார வச்சு, மாலை போட்டு, நெத்தியில காசு வச்சு, சுத்தி சொந்தக்காரங்க நிப்பாங்க. கிராமத்துல பாதிப் பேருக்கு ஆயுசுல எடுத்த ஒரே படம் அதுதான். பதினாறாம் நாளுக்கு மாட்டணும்னா கண்ணு மூடுன படத்தை எப்படி மாட்டுறது. முகத்தை மட்டும் பெருசா மேட் பேப்பர்ல பிரிண்ட் போட்டு, தாடைக்கட்டை அழிச்சு, இமை இருக்குற இடத்துல பிரஷ்ஷால கண்ணு வரையணும். வெள்ளை போஸ்டர் கலர், இந்தியன் இங்க், கருவிழியில ஜன்னல் விழுற மாதிரி ஒரு சின்னப் பொட்டு, அந்தப் பொட்டு இல்லன்னா பொம்மை மாதிரி ஆயிடும். வரைஞ்சு முடிச்சு அதை மறுபடி போட்டோ எடுத்து காப்பி நெகட்டிவ் பண்ணா பிரஷ் தடம் தெரியாது. எங்க ஊர்ல எல்லாரும் "கண்ணு தொறக்கக் குடுத்திருக்கோம்"னுதான் சொல்லுவாங்க. படம் வாங்க வந்த ஒரு ஆயா அதைப் பாத்துட்டு, "எங்க வீட்டுக்காரரு என்னை இப்படி அமைதியா ஒரு நாளும் பாத்ததில்ல"ன்னு சொல்லி அழுதுச்சாம். அம்மா அந்தக் கண்ணை வரைஞ்சது அந்த ஆயாவோட மகன் கண்ணைப் பாத்து.

வெளிய வந்து தோட்டத்துல உக்காந்து தயிர் சாதம் சாப்பிட்டோம். 1975ல இதே ஊர்ல சாசன்னு ஒரு இன்ஜினியர் முதல் டிஜிட்டல் கேமரா செஞ்சதும், ஒரு படம் கேசட்டுல ஏற 23 செகண்ட் ஆனதும், கோடக் அதை ஓரமா வச்சுட்டு 2012ல திவாலுக்கு மனு போட்டதும் எங்க வீட்டுக்காரர் போன்ல படிச்சு சொல்லிட்டு இருந்தாரு. அம்மா கேக்கல. நான் பேச்சுவாக்குல, அப்பா போட்டோ நம்மகிட்ட அந்த ஒண்ணுதான் இருக்கு, ஊருக்கெல்லாம் எடுத்தவருக்கு வேற படமே இல்லன்னேன்.

நியூஜெர்சி எடிசன்ல எங்க வீட்டு சாமி அலமாரிக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன், அப்பா நேரா பாக்குற படம். தினம் காலையில காபியோட அந்த முகத்தைப் பாத்துட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன்.

"அது சித்தப்பா கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோடி. டைமர் வச்சுட்டு ஓடி வந்து நின்னாரு, நிக்குறதுக்குள்ள அடிச்சிருச்சு. கண்ணை மூடிட்டாரு."

"மூடிட்டாரா?"

"ரெண்டும். நான்தான் தொறந்தேன். மூணு நாளாச்சு, பொட்டு சரியா வரல."

டிபன் டப்பாவைக் கழுவ தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாங்க. ரஷ்க்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம், அஞ்சு மணி பூஜைக்குப் போயிடலாமான்னு இவரு மேப்பைப் பாத்துட்டு இருந்தாரு.